பெட்டிச் சிரிப்பு

தங்கை செத்துப்போன செய்தி வந்தபோது பெரியவள் பாதி முகத்துக்குக் கிழவி வேஷம் போட்டு முடித்திருந்தாள். நாடகம் தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மேக்கப் அறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அரங்கத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைக்கிற இடத்தில் ஒரு கண்ணாடியும் இரண்டு பல்பும், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து புருவம் வரைந்துகொண்டிருந்த சின்ன நடிகை கைபேசியை நீட்டினாள்.

"அக்கா, இந்தச் சிட்டு செத்துட்டாங்களாம். முப்பத்தெட்டு வயசுதானாம், பாவம். உங்க ஜாடை கொஞ்சம் இருக்குல்ல?"

ஜாடை இல்லாமல் எங்கே போகும்? ஒரே வயிற்றில், ஒரே நாளில், எட்டு நிமிட இடைவெளியில் பிறந்த இரண்டு பேர். அந்த எட்டு நிமிடத்துக்காகச் சின்னவள் ஆயுசுக்கும் இவளை அக்கா என்று கூப்பிட்டாள். அது அம்மா போட்ட சட்டம்.

பெரியவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். ஈரத்துணியை எடுத்து, போட்ட சுருக்கங்களையெல்லாம் துடைத்தாள். நாடகக் குழுத் தலைவரிடம் போய், வீட்டில் ஒரு சாவு, போக வேண்டும் என்றாள். யார் என்று அவர் கேட்டார். "சொந்தக்காரங்க" என்றாள். பத்தொன்பது வருஷமாக அவளோடு ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக வேன் ஏறி ஊர் ஊராகப் போன மனுஷர் அவர். அவளுக்கு ஒரு தங்கை இருப்பதே அவருக்குத் தெரியாது. அன்றைக்கும் அவள் சொல்லவில்லை.

நடந்தது என்னவென்று முதலிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

ஐந்து வயதில் அவர்கள் இருவரும் ஒரு படத்தில் நடித்தார்கள். இருவரும் நடித்தது ஒரே வேஷம். சின்னக் குழந்தையை அதிக நேரம் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி வைக்க முடியாது, தூக்கம் வந்துவிடும், சிணுங்கும். இரட்டைக் குழந்தை கிடைத்தால் ஒன்று தூங்கும்போது இன்னொன்றை வைத்து எடுக்கலாம். அதனால் ஒரே மாதிரி இரண்டு கவுன் தைத்தார்கள். அடையாளத்துக்கு ஒன்றின் கழுத்துப்பட்டிக்கு உள்ளே சிவப்பு நூல், இன்னொன்றில் நீல நூல். யூனிட்டில் அவர்களுக்குப் பெயர் ஒண்ணு, ரெண்டு. வீட்டில் பெருசு, சிறுசு. படத்தில் சிட்டு.

குழந்தை இரண்டு என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்பது தயாரிப்பாளர் போட்ட நிபந்தனை. போஸ்டரில் ஒரு முகம்தான், ஒரு பெயர்தான். அஞ்சு வயசுக் குழந்தை சிரிக்கவும் செய்கிறது, அழவும் செய்கிறது, என்ன நடிப்பு என்று ஊரே வாயைப் பிளந்தது. அம்மா மட்டும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, "பெருசு சிரிக்கும், சிறுசு அழும்" என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே தலை வாரிவிடுவாள். இயக்குநர் பிரித்து வைத்த வேலை அது. சிரிப்புக் காட்சிக்குச் சிவப்பு நூல், அழுகைக் காட்சிக்கு நீல நூல்.

அந்தப் படத்தை இன்றைக்கு யாரும் முழுதாக நினைவில் வைத்திருக்கவில்லை. நினைவில் இருப்பது ஒரே ஒரு இடம். காணாமல் போன மகளைத் தேடி ஊரெல்லாம் அலைந்த அப்பா, பித்துப் பிடித்தவர் மாதிரி வீட்டுக்கு வந்து, அவளுடைய துணிகளையாவது முகர்ந்து பார்க்கலாம் என்று தகரப் பெட்டியைத் திறப்பார். உள்ளே அவள் உட்கார்ந்து சிரிப்பாள். பதினாலு விநாடி. அதற்குப் பெட்டிச் சிரிப்பு என்றே பெயர் வந்துவிட்டது. காலண்டரில் வந்தது, பற்பசை விளம்பரத்தில் வந்தது, லாரிகளின் பின்பக்கத்தில் கூட வந்தது. அழுத பிள்ளைக்கு அந்தப் படத்தைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள்.

அதற்குப் பிறகு இன்னும் நாலு படம். ஒன்பது வயதில் பால் பல் விழுந்தது, கூடவே வாய்ப்பும் விழுந்தது. அம்மா விடவில்லை. கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா என்று அழைத்துப் போனாள். ஒரே நாளில் இரண்டு ஊரில் கூப்பிட்டால் ஒருத்தியை இங்கேயும் ஒருத்தியை அங்கேயும் அனுப்பிவிடுவாள். ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் ரிப்பன் வெட்டிய பிள்ளை உலகத்திலேயே சிட்டு ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பத்தொன்பது வயதில் பெரியவள் போதும் என்றாள். அம்மா அழுதாள், திட்டினாள், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். பெரியவள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள், பெயரை மாற்றிக்கொண்டாள், தடித்த சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு ஒரு விரதம் இருந்தது. மேடையில் சிரிக்க மாட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், நீதிபதி, நாட்டை இழந்த ராணி, சிறைக் கைதி, இப்படித்தான் வேஷம் கேட்டு வாங்குவாள். நாடகம் பார்க்கிற கூட்டம் சின்னக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் அவளுக்குப் பெரிய மரியாதை. எப்போதாவது பேட்டி எடுக்க யாராவது வந்தால், பழையதைக் கேட்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். நீங்கள் சிட்டு மாதிரி இருக்கிறீர்களே என்று யாராவது சொன்னால், "பலபேர் சொல்லுவாங்க" என்பதோடு பேச்சை முடித்துவிடுவாள்.

அந்தப் படத்தை அவள் ஐந்து வயதுக்குப் பிறகு பார்க்கவே இல்லை. பஸ்ஸில் போட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். காரணம் இருந்தது. அந்தப் பெட்டி அவளுக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே பாச்சை உருண்டை வாடை. மூடி சாத்தியதும் கண்ணுக்குள் கரியைக் கொட்டின மாதிரி இருட்டு. வெளியே யாரோ பேசுகிற சத்தம் தண்ணீருக்கு அடியில் கேட்பது போலக் கேட்கும். மூச்சு முட்டும். அவ்வளவு பயத்திலும் அந்தக் குழந்தையைச் சிரிக்க வைத்து வாங்கிவிட்டார்கள் என்பதுதான் அவளுடைய தீராத கோபம். என்னிடமிருந்து பிடுங்கிய சிரிப்பு அது, இனி நானாகக் கொடுப்பதுதான் நடிப்பு என்று நாடகக் குழுவின் புதுப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னாள். எந்தப் படத்துக்காகப் பிடுங்கினார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

சின்னவள் சிட்டுவாகவே இருந்துவிட்டாள். கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்து, கணவன் வேறு துணை தேடிப் போய், அம்மாவும் காலமான பிறகு அவளுக்குப் பிழைப்பே அதுதான். மரச்சாமான் கடைக்காரர்கள் அவளை அதிகம் கூப்பிட்டார்கள். புது அலமாரியின் கதவைத் திறந்தால் உள்ளிருந்து அவள் சிரித்துக்கொண்டே வெளியே வர வேண்டும். முப்பத்தைந்து வயதுப் பெண் அலமாரிக்குள் குந்தியிருந்து சிரித்தாள். கைதட்டினார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் அக்காவின் நாடகத்தைப் பார்க்க வந்தாள். டிக்கெட் வாங்கி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். இடைவேளையில் யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள். சிட்டு, சிட்டு என்று கூட்டம் சூழ்ந்தது. படம் எடுத்துக்கொண்டவர்கள் பலர் இரண்டாம் பாதிக்குத் திரும்பி உள்ளே வரவில்லை. பாதிக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பெரியவள் மகனைப் பறிகொடுத்துப் புலம்பினாள். திரை விழுந்ததும் சின்னவள் பின்பக்கம் வந்து நின்றாள். பெரியவள் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"என் சிரிப்பை வித்துத்தான் நீ சாப்பிடறே. சாப்பிடு, வேண்டாங்கல. என் மேடைக்கு மட்டும் வராதே."

சின்னவள் தோள்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "கடைசில மகனோட சட்டையை மடிச்சு வைப்பே பாரு, அந்த இடம் ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மஞ்சள் காமாலை வந்ததோ, முற்றியதோ, ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்ததோ பெரியவளுக்குத் தெரியாது. கைபேசியில் பார்த்துத்தான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து, தங்கையின் மகள் ஒரு பையும் ஒரு தலையணையுமாக இவளோடு வந்துவிட்டாள். பதினாறு வயது. வாய் கொஞ்சம் நீளம். தையல் கடைக்கு மேலே இருந்த பெரியவளின் இரண்டு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு கண்ணாடி கூட இல்லையே, எப்படித் தலை வாருவீர்கள் என்று கேட்டாள். வாருகிற அளவுக்கு முடி எங்கே இருக்கிறது என்றாள் பெரியவள். மூன்றாம் நாள், "பெரியம்மா, நீங்க சிரிக்கவே மாட்டீங்களா, இல்ல டிக்கெட் வாங்கினாத்தானா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா செத்த வீட்டில் வேடிக்கை பேசிவிட்டோமே என்று.

கீழே தையல் கடையில் நாளெல்லாம் டி.வி. ஓடும். எந்தச் சேனலைத் திருப்பினாலும் சிட்டுவுக்கு அஞ்சலி. தகரப் பெட்டி திறக்கும், குழந்தை சிரிக்கும். திறக்கும், சிரிக்கும். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே அந்தச் சிரிப்பு மாடிப்படி ஏறி வரும். பெரியவளுக்கு அதில் ஒன்றுதான் உறுத்தியது. செத்தது அவள், காட்டுவது என்னை. அந்தச் சிரிப்பு முகம் என்னுடையது. வாழ்ந்த காலமெல்லாம் அவள் என் முகத்தைச் சுமந்தாள். செத்த பிறகும் அதையே மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். அவளுடைய முகத்துக்காக யார் அழுதார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நடிகர் சங்கத்தில் இரங்கல் கூட்டம். பெரிய திரையில் படக் காட்சிகளைத் தொகுத்துக் காட்டப் போகிறார்களாம். அன்றைக்கு ஒரு நாளாவது அந்தத் திரையில் தங்கையின் சொந்த முகம் வர வேண்டும் என்று பெரியவள் முடிவு செய்தாள். ரயில் நிலையத்தில் அழுகிற காட்சி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிற காட்சி, இதெல்லாம் நீல நூல், சிறுசு. அவற்றைப் போட வேண்டும். சிவப்பு நூலை எடுத்துவிட வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமானால் சிட்டு இரண்டு பேர், அதில் ஒருத்தி நான் என்று வாயைத் திறந்தாக வேண்டும். பத்தொன்பது வருஷம் கட்டிக் காத்த வாய். திறப்பது என்று தீர்மானித்தாள். தங்கைக்குச் செய்ய அவளிடம் வேறு எதுவும் மிச்சம் இல்லை.

தங்கை மகளையும் அழைத்துக்கொண்டு எடிட்டர் அறைக்குப் போனாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் குளிர் எலும்பைத் தொட்டது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய பலகை. எடிட்டர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். பிஸ்கட் தேநீருக்குள் உடைந்து விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை. இதற்கு நான் மட்டும் முடிவு சொல்ல முடியாது என்று சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார். செயலாளருக்கு மறுமுனையில் ஒரே சந்தோஷம். சாவு வீட்டுச் சேதி சொல்லப் போனவரிடம் கல்யாணச் சேதி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. தாராளமாக மாற்றுங்கள், எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் அந்த அம்மா மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். பெரியவள் சரி என்றாள். அவ்வளவு சுலபமாக அந்தச் சொல் வெளியே வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

"எதை எடுக்கணும், சொல்லுங்க மேடம்."

"பெட்டிச் சிரிப்பை எடுத்துடுங்க. அது நான்."

வெட்டுகிற இடத்தைக் குறிக்க அவர் அதை ஓடவிட்டார். முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு பெரியவள் அந்தக் காட்சியைப் பார்த்தாள்.

மூடி திறக்கிறது. அப்பாவாக நடித்தவரின் முதுகு. அவருடைய தோளுக்கு அப்பால் குழந்தை, முழங்காலைக் கட்டிக்கொண்டு. வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்குகிறது. பிறகு அந்தச் சிரிப்பு. அதில் பயம் இல்லை. பெரியவள் பயத்தைத் தேடினாள், துளிக்கூட இல்லை. கண்ணாமூச்சி விளையாட்டில் ஜெயித்த பிள்ளையின் சிரிப்பு. எழுந்து, கையை நீட்டி, அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கில் தலைகீழாக மாட்டிக்கொள்கிறது.

நீட்டியது இடது கை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

சின்னவளுக்கு இடது கைப் பழக்கம். சாப்பிட மட்டும் அம்மா அடித்து அடித்து வலது கைக்கு மாற்றியிருந்தாள். பென்சில் பிடிப்பது, பந்து எறிவது, பெரியவளின் முடியைப் பிடித்து இழுப்பது எல்லாம் இடது கைதான். பெரியவளுக்கு இடது கையால் சட்டைப் பித்தான் கூடப் போட வராது.

ஆறு முறை ஓடவிட்டார் எடிட்டர். ஆறு முறையும் அந்தக் கை இடது கையாகவே இருந்தது. படம் திருப்பிப் போட்டதாக இருக்குமோ என்று கேட்டாள். பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுத்து நேராகத்தானே இருக்கிறது மேடம் என்றார் அவர்.

தங்கை மகள் திரையைப் பார்க்கவில்லை. பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் பெரியவள்.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, மிரட்டிக் கேட்டால் ஒப்புக்கொள்கிற பிள்ளை மாதிரி, விட்டு விட்டுச் சொன்னாள். பெட்டிக்குள் முதலில் உட்கார வைத்தது பெரியம்மாவைத்தான். ஒத்திகைக்கு மூடியைச் சாத்தியதும் பெரியம்மா அலறி, கவுனிலேயே ஒன்றுக்குப் போய்விட்டார்களாம். இயக்குநர் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று அம்மாச்சிக்குப் பயம். சிவப்பு நூல் கவுனை அலசி, பிழிந்து, விளக்குச் சூட்டில் காய வைத்துத் தங்கைக்கு மாட்டி அனுப்பிவிட்டார்கள். சிறுசுக்கு இருட்டென்றால் கொள்ளைப் பிரியம். பெரியம்மா அழுகையை நிறுத்தவே இல்லை. நீதான் கண்ணு சிரிச்சே, நீ சிரிச்சதுக்குத்தான் எல்லாரும் கைதட்டினாங்க என்று அம்மாச்சி சொல்லிச் சொல்லித் தூங்க வைத்தார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் படத்தில் சிரிப்புக்கெல்லாம் சிவப்பு நூலில் போனது அம்மா. அழுகைக்குப் போனது பெரியம்மா.

"உங்கம்மா ஏன் என்கிட்ட சொல்லலை? அன்னிக்கு நான் அவ்வளவு பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"நான் கேட்டேன் பெரியம்மா. சொன்னா அவ தாங்கமாட்டான்னாங்க." பெண் மூக்கை உறிஞ்சினாள். "அவ உதறிட்டுப் போனது அவளோடதுன்னே இருக்கட்டும். தன்னுது இல்லாததை உதறிட்டுத்தான் இத்தனை வருஷம் ஓடினோம்னு தெரிஞ்சா, அவளுக்கு அப்புறம் என்னடி இருக்குன்னாங்க."

எடிட்டர் எழுந்து, தேநீர் சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனார். ஏற்கெனவே ஒரு தேநீர் அங்கே ஆறிக்கொண்டிருந்தது.

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. மனசு ஏதோ கணக்கு வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனது. வெட்டிய முடி. மாற்றிய பெயர். பஸ்ஸிலிருந்து இறங்கிய நிறுத்தங்கள். சிரிக்க மாட்டேன் என்று பிடித்த விரதம். சிரிக்கத் தெரிந்தவள் சிரிக்காமல் இருந்தால் அது விரதம்; கல்லில் நார் உரிக்க முடியாதவன் உரிக்க மாட்டேன் என்று சபதம் போட்டால் அதற்கு என்ன பெயர்? இதையெல்லாம் கூட விட்டுவிடலாம். அந்தத் தோள்பையை அவள் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாளே. என் சிரிப்பை விற்றுச் சாப்பிடுகிறாய் என்று சொன்னவளிடம், அது என்னுடையது என்கிற இரண்டு சொல்லை விழுங்கிவிட்டு, சட்டையை மடித்த இடம் நன்றாக இருந்தது என்றாளே. ஒருமுறை, ஒரே ஒருமுறை, எந்தப் பஸ்ஸிலாவது இறங்காமல் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்குமே.

எடிட்டர் திரும்பி வந்ததும் அழுகைக் காட்சியைப் போடச் சொன்னாள். ரயில் ஜன்னல். கம்பியை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழந்தை தேம்பித் தேம்பி அழுதது. நல்ல அழுகைதான்.

"இது நீங்களா மேடம்? இதையும் சேர்த்துடவா?"

"வேண்டாங்க. சிரிப்பு மட்டும் போதும். எல்லாச் சிரிப்பையும் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தின் மாடி அரங்கம் நிறைந்திருந்தது. மாலை போட்ட படம், ஊதுபத்தி, முன்வரிசையில் சோபா. சிட்டு இரண்டு பேராம், ஒருத்தி உயிரோடு இருக்கிறாளாம் என்ற சேதி அதற்குள் ஊரெல்லாம் பரவி, எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு கூட்டம். காமிராக்காரர்கள் மட்டும் இருபது பேர். பெரியவள் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இறந்தவளுக்காக எழுந்தார்களா, வந்தவளுக்காக எழுந்தார்களா என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

திரையில் சிரிப்புகள் ஓடின. கடைசியாகப் பெட்டி திறந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. செயலாளர் அவளை மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அவள் நாடகத்தில் பேசுகிறவள். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். இப்போது நீங்கள் பார்த்த சிரிப்பு என் தங்கையுடையது. பெட்டிக்குள் சிரித்தது அவள். நான் அங்கே பயந்து அழுதேன். அவளுடைய சிரிப்பை என்னுடையது என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் வாழ்ந்தேன், அதை வைத்து அவளை அவமானப்படுத்தினேன். இந்தப் பெயர் முழுக்க அவளுக்குத்தான் சேர வேண்டும்.

முன்னைவிடப் பெரிய கைதட்டல் எழுந்தது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். பார்த்தீர்களா, தனக்குச் சேர வேண்டிய புகழைக் கூட இறந்துபோன தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறார், இதுதான் அக்கா தங்கைப் பாசம், இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்றார். இல்லை, நான் சொன்னது உண்மை என்று அவள் சொன்னாள். மைக் அவர் கையில் இருந்தது.

கீழே இறங்கியதும் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள், மறுபடி சினிமாவுக்கு வருவீர்களா, ஒரு மரச்சாமான் கடைத் திறப்பு இருக்கிறதே வர முடியுமா. ஒருவர் காமிராவைத் தூக்கிப் பிடித்தபடி கெஞ்சினார்.

"மேடம், ஒரே ஒரு தடவை சிரிங்க. அதே மாதிரி."

தங்கை மகள் அவள் கையைப் பிடித்து இழுத்து, கூட்டத்திலிருந்து பிரித்து, அரங்கத்தின் கடைசியில் விளக்கு குறைவாக இருந்த மூலைக்குக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர் எடுத்து வரப் போனாள். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒருவரும் இல்லை.

ஒரு பெரியவர், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். அவள் முன்னால் நின்று, கும்பிட்டு, பழைய தியேட்டர் ஒன்றில் ஆப்பரேட்டராக இருந்ததாகச் சொன்னார். அந்தப் படத்தை நூற்றிருபது நாள், நாளைக்கு நாலு காட்சி, அவர் கையால் ஓட்டியிருக்கிறார். மேடையில் பேசியது அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அவர் இரண்டு கையாலும் அவள் கன்னங்களைப் பிடித்துக்கொண்டார்.

"செத்துட்டேன்னு சொன்னாங்களேம்மா. ரெண்டு பஸ் மாறி அழுதுகிட்டே வந்தேன். நீ நல்லாத்தானே இருக்கே."

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்கு என்ன நஷ்டம்? கிழவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அவள் அவருடைய காதருகே குனிந்தாள்.

"நான் இல்லைங்க. சிரிச்சவ என் தங்கச்சி. அவ போயிட்டா."

அவர் விளங்காமல் பார்த்தார். அவள் இன்னொரு முறை சொன்னாள். அவருடைய கைகள் கன்னத்திலிருந்து மெல்ல இறங்கின. கொஞ்ச தூரம் தள்ளி நின்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தார், நானூற்று எண்பது முறை பார்த்ததோடு ஒத்துப் பார்க்கிற மாதிரி. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, அவள் எதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ கூடப் பிறந்தவளா?" என்றார். "எப்படிம்மா ஆச்சு?"

அன்று முழுக்க அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்து இத்தனை நாளில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும்படி அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

"மஞ்சள் காமாலைங்க" என்றாள். "முதல்ல சாதாரணக் காய்ச்சல்னு நினைச்சிருக்கா. கூட இருந்து கவனிக்கப் பெரியவங்க யாரும் இல்லை..."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. பெரியவர் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தார்.